பொருளுக்குப் புதிய பண்பு ஏற்றலாமா?

விழா மலர் என்றால் விடுதிச் சாப்பாட்டின் சுவையும், துடுப்பாட்டப் போட்டியின் வெற்றியும், ஆசிரியரிடம் அடி வாங்கிய கதையும் அதில் நிறைந்திருத்தல் மரபு. அவற்றைச் சுவைபட எழுதவல்ல அன்பர் பலர் எம்மோடு கற்றவருள் உளர்; அவர்கள் எழுதுவார்களாக. யாம் எழுதப் புகுந்தது ஒரு புள்ளியைப் பற்றி. கணினிச் செய்நிரலிலே ஒரு பொருளின் பெயருக்கும் அப்பொருளினது பண்பின் பெயருக்கும் இடையே இடப்படும் சிறு புள்ளி அது. அதனால் எமக்கு ஒருமுறை தலைகுனிவு நேர்ந்தது. ஒரு மாணவனுக்கு அதனினும் கொடிய இடர் நேர்ந்தது. அன்று தொடங்கி எம் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருக்கும் வினாவை இம்மலர் வாயிலாகப் பழைய மாணவர் முன்னும், சிறப்பாக ஆசிரியத் தொழில் பூண்ட நண்பர் முன்னும் வைக்கின்றோம்.

வினா இதுவே: ஒரு பொருளைப் படைத்து முடித்த பின்னர், அதன் வகுப்பிலே சொல்லப்படாத புதிய பண்பொன்றை, நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில் அதன்மேல் ஏற்றிவிடும் உரிமை செய்நிரலாளனுக்கு இருத்தல் தகுமா?

யாம் கற்ற காலத்திற் கல்லூரியிலே கணினி இல்லை. இன்று உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் ஒரு பாடம். அதனைக் கற்போர் பைதன் என்னும் மொழியிலே செய்நிரல் எழுதிப் பழகுகின்றனர். ஆதலின் இளையோருக்கு யாம் கூறப்போவது பெரிதும் புதிதன்று. மூத்தோர் பொருட்டுச் சிறிது விளக்குவாம்.

அரசாங்க அலுவலகமொன்றின் அச்சிட்ட படிவத்தை எண்ணிக்கொள்க. பெயர், முகவரி, பிறந்த திகதி எனக் கட்டங்கள் வகுக்கப்பட்டிருக்கும். வெற்றுப் படிவம் வகுப்பு. ஒருவர் நிரப்பிக் கொடுத்த படிவம் பொருள். கட்டங்களில் எழுதப்பட்டவை பண்புகள். சி பிளஸ் பிளஸ், ஜாவா முதலிய மொழிகளிலே அச்சிடாத கட்டத்தை ஒருவரும் நிரப்ப இயலாது. செய்நிரலை ஓடவிடு முன்னரே, அப்படியொரு கட்டம் இல்லையென்று தொகுப்பான் திருப்பி அனுப்பிவிடும். பைதன், ஜாவாஸ்கிரிப்ற் முதலிய ஸ்கிரிப்ற் மொழிகளிலோ படிவத்தின் ஓரத்தில் வெறுமையான இடம் மிகுதியாக உண்டு. மாணவர் ஒருவரைக் குறிக்கும் பொருளின் பெயரை எழுதி, ஒரு புள்ளியிட்டு, காலணியளவு என்று எழுதி, ஏழு எனச் சமன்படுத்தினால் அக்கணமே காலணியளவு என்னும் பண்பு அம்மாணவருக்கு உண்டாகிவிடும். வகுப்பை எழுதியவர் அதனைக் கனவிலும் கருதியிருக்க வேண்டுவதில்லை. பக்கத்து மாணவருக்கு அஃது இராது. இவருக்கு மட்டுமே இருக்கும். எழுதும் வேளையிற் பண்பின் பெயர் தெரியாவிடினும் குற்றமில்லை. செற்அற்றர் என்னும் ஏவலிடம் பொருளையும், பண்பின் பெயரைத் தாங்கிய எழுத்துத் தொடரையும், பெறுமானத்தையும் கொடுத்தால் அஃது ஏற்றிவைக்கும்.

இது நிகழுமாறு எங்ஙனமெனின், பைதனிலே யாம் வகுக்கும் வகுப்பின் பொருள்கள் ஒவ்வொன்றும், வேறு கட்டளை இல்லாதவிடத்து, தன்னகத்தே ஓர் அகராதியைச் சுமந்து திரிகின்றது. இருபுறமும் இரட்டை அடிக்கோடு பூண்டு டிக்ற் எனப் பெயரிய அவ்வகராதியிலே பண்பின் பெயர் தலைச்சொல். பெறுமானம் அதன் விளக்கம். புள்ளியிட்டுச் சமன்படுத்துதல் என்பது அவ்வகராதியிலே ஒரு பதிவு எழுதுதலேயாம். எழுதும்போது, இச்சொல் முன்பு இருந்ததா என்று அகராதி கேட்பதில்லை. அந்தக் கேளாமையே எம் கட்டுரைக்குக் கரு.

தருக்கம் கற்ற அன்பர் இவ்விடத்திற் புன்முறுவல் பூப்பர். குணம் குணியை விட்டு நில்லாது என்று கற்ற நாம், வெறுமையாகப் பிறந்த குணியொன்றுக்குக் குணங்களை ஒவ்வொன்றாகப் பின்னர் ஒட்டுவதை எங்ஙனம் ஒப்புவது? எனினும், திரவியமானது தோன்றிய முதற் கணத்திலே குணமின்றி நின்று மறுகணத்திலே குணம் பெறும் என நியாய வைசேடிகர் கொண்டமையை அவர்களுக்கு நினைவூட்டுகின்றோம். பைதன் செய்வதும் ஏறத்தாழ அதுவே. பொருளை முதலிற் படைத்துவிட்டு, அதன்பின்னரே தொடக்க முறையை அழைத்துப் பண்புகளை ஏற்றுகின்றது. வேறுபாடு யாதெனில், வைசேடிகரின் திரவியம் குணம்பெற மறுகணத்துக்குமேற் காத்திருப்பதில்லை; பைதனின் பொருளோ சாகும்வரை எவர் வந்து எது சேர்த்தாலும் வேண்டாமென்னாது.

இவ்வுரிமை தவறுதலாக வந்து புகுந்ததன்று. டேவிட் உங்கர், ரன்டல் ஸ்மித் என்னும் இருவர் 1987ஆம் ஆண்டிலே உலகறியச் செய்த செல்ஃப் என்னும் மொழியிலே வகுப்பு என்பதே இல்லை. ஒரு பொருளைப் பார்த்து மற்றொரு பொருள் படியெடுக்கப்படும். 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், நெற்ஸ்கேப் நிறுவனத்திலிருந்த பிரண்டன் ஐக் பத்து நாளளவிலே ஜாவாஸ்கிரிப்ற்றின் முதல் வடிவத்தை ஆக்கியபோது அவ்வழியைப் பின்பற்றினார். கைடோ வான் ரொசம் 1991இல் வெளியிட்ட பைதன், வகுப்புக்களை வைத்துக்கொண்டது. ஆயினும் ஓரத்து வெற்றிடத்தையும் வைத்துக்கொண்டது. காலஞ் செல்லச் செல்ல அது சுருங்காது விரிந்தது: 2001இல் வந்த பைதன் 2.1 பதிப்பிலே சார்புகளுக்குங்கூடப் பண்பு ஏற்றலாம் என்றாயிற்று. ஜாவாஸ்கிரிப்ற், பைதன் போன்ற ஸ்கிரிப்ற் மொழிகள் பெரும்பாலும் சிறு வேலைகளை மனத்திற்கொண்டு பிறந்தவை. ஒரு பக்கச் செய்நிரலிலே ஓரத்துக் குறிப்பு இடர் செய்யாது. எழுதியவன் கண்ணெதிரே அது கிடக்கும். இன்று அவற்றால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்படுகின்றன. ஒருவர் ஓரத்தில் எழுதியதைப் படிக்க வேண்டியவர் வேறு நாட்டிலே இருக்கின்றார்.

உரிமையின் பயனை மறைத்தல் நேர்மையன்று. ஜாங்கோ என்னும் கட்டமைப்பிலே இணையத்தளத்துக்கு வரும் ஒவ்வொரு வேண்டுகோளும் ஒரு பொருள். அதனை அனுப்பியவர் யார் என ஆராய்ந்தறியும் இடைநிலைப் பகுதி, அறிந்ததை அவ்வேண்டுகோளின் மேலேயே யூசர் என்னும் பண்பாக ஏற்றிவிடுகின்றது. பின்னால் வரும் பகுதிகள் அதனை எடுத்தாளுகின்றன. அலுவலகக் கோப்பொன்று மேசைக்கு மேசை நகரும்போது எழுத்தர் அதன்மேல் இடும் குறிப்பைப் போன்றது இது. இதனால் விளையும் எளிமையை யாம் பலகாலும் துய்த்திருக்கின்றோம். அன்றியும், புதிய துறையொன்றை ஆராயப் புகும்போது எப்பண்புகள் வேண்டுமென்று முன்னரே அறிவார் யார்? வகுப்பை முற்ற வகுத்த பின்னரே தொடுவேன் என்பவன், நீந்தக் கற்ற பின்னரே கேணியில் இறங்குவேன் என்றவனை ஒப்பான். அத்தகையோர் பொருட்டே 2012இல் வந்த பைதன் 3.3 பதிப்பிலே சிம்பிள் நேம்ஸ்பேஸ் என்னும் வெற்றுப் பொருள் சேர்க்கப்பட்டது. ஏதும் ஏற்றலாம் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்பது அது. அதனோடு எமக்கு வழக்கில்லை.

இனி எம் கதை. சில ஆண்டுகளுக்கு முன்னர், வறிய மாணவர்க்கு மாதந்தோறும் உதவிப்பணம் அனுப்பும் அறநிலையம் ஒன்றுக்கு யாம் ஊதியம் பெறாது ஒரு செய்நிரல் எழுதிக் கொடுத்தோம். ஊர்தோறும் உள்ள தன்னார்வலர் மாணவர் அட்டவணைகளை அனுப்புவர். ஓர் ஊரார் பாடசாலைத் தூரத்தைச் சேர்ப்பர். இன்னோர் ஊரார் உடன்பிறந்தார் தொகையைச் சேர்ப்பர். எல்லாவற்றையும் ஒரே வகையில் ஏற்க வேண்டி, யாம் மிகச் சாமர்த்தியமென எண்ணிய வழியொன்றைக் கைக்கொண்டோம். அட்டவணையின் தலைப்பு எதுவாயினும், அதனையே பண்பின் பெயராகக் கொண்டு, செற்அற்றர் வழியாக மாணவர் என்னும் பொருளின்மேல் ஏற்றிவிடுமாறு எழுதினோம். பைதனின் மூன்றாம் தலைமுறை, 2008 முதலாகத் தமிழெழுத்திலும் பெயரிட இடந்தருகின்றது. ஆகவே கொடுக்க வேண்டிய பணத்துக்குத் தொகை என்று தமிழிலேயே பெயரிட்டோம். அதில் எமக்குப் பெருமிதமும் இருந்தது. தொடக்க முறையிலே தொகை சுழியம் என வைத்தோம். தொகை சுழியமாயின் அம்மாதம் அவருக்கு உதவியில்லை என்பது விதி.

ஓர் ஊரிலிருந்து வந்த அட்டவணையிலே ஒரே ஒரு மாணவன் பெயர் இருந்தது. மூன்று மாதம் அவனுக்குப் பணம் செல்லவில்லை. செய்நிரல் வழு எதனையும் காட்டவில்லை. அட்டவணையில் அவன் பெயர் இருந்தது. தொகை என்ற தலைப்பு இருந்தது. தலைப்பின் கீழ் எண்ணும் இருந்தது. நான்காம் மாதத்தில் அவன் தாயார் தொலைபேசியில் அழைத்து, "நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமோ, ஐயா?" என்று கேட்டார். மகன் பரீட்சையிற் குறைந்த புள்ளி எடுத்தமையாலே பணம் நின்றது போலும் என எண்ணி, கேட்கவும் கூசி, அதுவரை வாளாவிருந்தாராம். மகன் மாலை வகுப்பை நிறுத்திவிட்டுக் கடையொன்றில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான்.

ஓர் இரவு முழுவதும் தேடிய பின்னரே காரணம் அகப்பட்டது. ஒருங்குறியிலே தொ என்னும் எழுத்தை இருவகையாகச் சேமிக்கலாம். தகரத்தின் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைத்தல் ஒரு வகை. தகரத்தின் பின் ஒற்றைக் கொம்பை ஒரு குறியீடாகவும் அரவை வேறொரு குறியீடாகவும் வைத்தல் மற்றொரு வகை. திரையிலே இரண்டும் ஒன்றாகவே தோன்றும். எத்துணைக் கூரிய கண்ணுக்கும் வேறுபாடு புலப்படாது. செய்நிரலின் உடலிலே எழுதப்படும் பெயர்களைப் பைதன் ஒரே வகைக்கு மாற்றிக்கொள்கின்றது. செற்அற்றரிடம் எழுத்துத் தொடராகக் கொடுக்கப்படும் பெயரையோ அது மாற்றுவதில்லை. கொடுத்தபடியே அகராதியில் எழுதிவிடுகின்றது. அவ்வூரார் கையாண்ட தட்டச்சு மென்பொருள் இரண்டாம் வகையை இட்டிருந்தது. ஆகவே அம்மாணவன்மேல் தொகை என்று படிக்கத்தக்க பண்புகள் இரண்டு இருந்தன. ஒன்று யாம் வைத்த சுழியம். மற்றையது அவனுக்குரிய பணம். யாம் கேட்டபோதெல்லாம் பைதன் சுழியத்தையே தந்தது. அது பொய் சொல்லவில்லை. கேட்ட பெயருக்குரிய மறுமொழியைத் தந்தது.

பிழை எம்முடையதென்பதில் ஐயமில்லை. எழுத்துத் தொடர்களை ஒருமைப்படுத்தும் வசதி பைதனோடு கூடவே வருகின்றது. யாம் அதனை எடுத்தாளவில்லை. வந்த தலைப்புக்களைச் சரிபார்க்கவுமில்லை. ஆயினும் இங்கே ஒரு நீதியைக் கேட்கின்றோம். அறியாத பெயரொன்று வந்தபோது மாணவர் என்னும் பொருள் அதனை ஏற்க மறுத்திருந்தால், அட்டவணை வந்த அன்றே, செய்நிரல் முதன்முறை ஓடிய விநாடியிலேயே யாம் அறிந்திருப்போம். அறிந்திருந்தால் அத்தாயார் மூன்று மாதம் தம்மையும் தம் மகனையும் நொந்திருக்க வேண்டியதில்லை.

எமக்கு நேர்ந்தது தமிழெழுத்துக்கே உரிய விசித்திரம் என்று ஒதுக்கிவிட வேண்டா. ஆங்கிலத்தில் எழுதுவோர் முகவரிக்குரிய சொல்லிலே ஓர் எழுத்தை விட்டு எழுதினாலும் நிகழ்வது இதுவே: பழைய முகவரி பழையபடி இருக்கும், புதிய முகவரி எவரும் படிக்காத புதிய பண்பிலே போய்த் தங்கும். இல்லாத பண்பைப் படிக்க முயன்றாற் பைதன் வழுக்காட்டும். எழுத முயன்றாற் காட்டாது. ஜாவாஸ்கிரிப்ற்றோ படிக்கும்போதும் வழுக்காட்டாது, வரையறுக்கப்படாதது என்னும் பெறுமானமொன்றைக் கையிற் கொடுத்து அனுப்பிவிடும்.

இவ்வகைத் தடுமாற்றம் அறிஞரையும் விட்டபாடில்லை. செய்நிரல்களைச் சோதிப்பதற்காகப் பைதனிலே மொக் என்னும் போலிப் பொருள் உண்டு. கேட்ட பண்பையெல்லாம் கேட்டவுடனே படைத்துத் தருவது அதன் இயல்பு. ஒரு சார்பு அழைக்கப்பட்டதா எனச் சோதிக்கும் கட்டளைகள் அசேர்ட் என்னும் ஆங்கிலச் சொல்லில் தொடங்குவன. அச்சொல்லில் ஈரெழுத்தை இடம்மாற்றி எழுதிவிட்டாற் சோதனை நடைபெறாது; போலிப்பொருள் அப்பெயரில் ஒரு புதிய பண்பைப் படைத்து மகிழ்ந்து தரும்; சோதனை வென்றதாகவே காட்டும். நடவாத சோதனை வெற்றி பெறுதலினும் கேடானது யாதுளது? ஆதலின் 2015இல் வந்த பைதன் 3.5 பதிப்பிலே, அசேர்ட் எனச் சரியாகத் தொடங்கினும், எழுத்து மாறி அஸ்றெட் எனத் தொடங்கினும், தான் அறியாத பெயராயின் வழுக்காட்டுமாறு அப்பொருளைத் திருத்தினர். பின்வந்த பதிப்பிலே வேறு சில எழுத்துப் பிழைகளையும் சேர்த்தனர். ஒரு மொழியின் நூலகம் மக்கள் விடும் எழுத்துப் பிழைகளுக்குப் பட்டியல் வைத்துக் காவல் செய்யும் காட்சி எமக்குச் சிரிப்பையும் தந்தது; ஓர் ஆறுதலையும் தந்தது. புள்ளிவிவர வேலைக்குப் பெயர்பெற்ற பண்டாஸ் நூலகமும் அவ்வாறே. அட்டவணையின் மேற் புள்ளியிட்டுப் புதிய பெயரொன்றுக்குப் பட்டியலைச் சமன்படுத்தினாற் புதிய நெடுவரிசை உண்டாகுமென்று கற்போர் எண்ணுவர். உண்டாவதோ அட்டவணையிலே தோன்றாத வெறும் பண்பு. அந்நூலகம் இப்போது எச்சரிக்கை விடுக்கின்றது.

இதுவரை கூறியது தன் பொருள்மேல் தான் ஏற்றிய பண்பினால் வருவது. பிறர் பொருள்மேல் ஏற்றுதல் இன்னும் நுட்பமான தீங்கு. அதன் கடனைப் பிறர் பல்லாண்டு கழித்துச் செலுத்துவர். ஜாவாஸ்கிரிப்ற்றிலே எல்லா அணிகளுக்கும் பொதுவான மூலப் பொருளொன்று உண்டு. அதன்மேல் ஒரு செயலை ஏற்றினால் அச்செய்நிரலிலுள்ள அணி ஒவ்வொன்றும் அச்செயலைப் பெற்றுவிடும். ஒரு காலத்திற் பெருவழக்காயிருந்த மூற்றூல்ஸ் என்னும் நூலகம், அடுக்கடுக்கான அணியைத் தட்டையாக்கும் செயலொன்றை ஃபிளாற்றன் என்ற பெயரில் அங்கே ஏற்றிவைத்தது. அன்று மொழியிலே அப்பெயரில் ஏதுமில்லை. ஆதலின் எவருக்கும் தீங்கில்லை. பின்னர் மொழியை வகுக்கும் குழுவினர் அதே செயலை அதே பெயரில் மொழியிலேயே சேர்க்க முனைந்தனர். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, ஃபயர்பொக்ஸ் உலாவியின் முன்னோட்டப் பதிப்பில் அதனைச் சேர்த்துப் பார்த்தபோது மூற்றூல்ஸை நம்பியிருந்த இணையத்தளம் பழுதுற்றது.

பழுதுற்ற வகை சுவையானது. மூற்றூல்ஸ் அணிகளின் மூலப் பொருளிலுள்ள பண்புகளை ஒவ்வொன்றாக எண்ணித் தன் பிற பொருள்களுக்குப் படியெடுக்கும். தானே புதிதாக ஏற்றிய பண்பு அவ்வெண்ணிக்கையில் அகப்படும். மொழியே தரும் பண்புகளோ எண்ணும்போது தென்படா. மொழி முந்திக்கொண்டு ஃபிளாற்றன் என்னும் பெயரைத் தென்படாத பண்பாக வைத்துவிட்டமையால், அதன்மேல் மூற்றூல்ஸ் தன்னுடையதை எழுதிய பின்னரும் அது தென்படாததாகவே நின்றது, படியெடுக்கப்படாது போயிற்று. பெயரை மாற்றுவதே வழியென்றாயிற்று. நசுக்குதல் என்னும் பொருள்பட ஸ்மூஷ் எனப் பெயரிடலாமென ஒருவர் நகையாகச் சொல்லப்போக, அதனை மெய்யென்று கொண்டு உலகெங்கும் செய்நிரலாளர் வாதிட்டனர். ஈற்றில் ஃபிளாற் என்ற பெயரோடு 2019ஆம் ஆண்டுத் தரத்திலே அச்செயல் இடம்பெற்றது. அதற்கு முன்னரும் கொன்ரெயின்ஸ் என்று வரவேண்டிய பெயரொன்று இதே நூலகத்தின் பொருட்டு இன்குளூட்ஸ் என மாறியது.

மூற்றூல்ஸை எழுதியோர் கெட்டவரல்லர். மொழி இடந்தந்தது, ஏற்றினர். அவர்கள் காலத்திலே அதனைத் திறமையென்று போற்றியவருள் யாமும் அடங்குவோம். ஆயினும் பல கோடி மக்கள் வழங்கும் மொழி, தனக்கு வேண்டிய சொல்லைத் தான் எடுத்துக்கொள்ள இயலாது வேறு சொல் தேட நேர்ந்ததென்பதை இளைய செய்நிரலாளர் மறத்தல் கூடாது. ஊர்ப் பொதுக் கிணற்றின் சுவரிலே ஒருவர் தம் கொடிக்கயிற்றைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். இருபதாண்டு கழித்துக் கிணற்றைத் திருத்த வந்தவர்கள் கயிற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றார்கள்.

ரூபி மொழியினர் இவ்விடரை உணர்ந்து, ஏற்றிய மாற்றம் ஒரு கோப்பினுள் மட்டும் செல்லுமாறு வரையறை செய்யும் வசதியை 2013இல் வந்த 2.0 பதிப்பிலே தந்தனர். நல்ல எண்ணம், ஆயின் பலர் கையாண்டதாகத் தெரியவில்லை.

எம் கருத்துக்கு மிக இயைந்த தீர்வைக் கண்டவர் பி.எச்.பி. மொழியினர். ராஸ்மஸ் லேர்டோர்ஃப் 1995இல் வெளியிட்ட அம்மொழி ஒழுங்கீனத்துக்குப் பெயர்போனது என்று அதனை இகழ்வார் பலர். இகழ்ந்தவர் எவரும் துணியாததை அது துணிந்து செய்தது. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் திகதி வெளியான 8.2 பதிப்பு முதலாக, வகுப்பிலே அறிவிக்கப்படாத பண்பைப் பொருளின்மேல் ஏற்றினால் அம்மொழி எச்சரிக்கின்றது. வருங்காலப் பெரும்பதிப்பிலே அதனை வழுவாக்குதல் அவர்கள் நோக்கம். அதனோடு நிறுத்தாமல் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தனர். ஏதும் ஏற்றலாம் என்றே பிறந்த வெற்று வகுப்பொன்றைப் பழையபடி விட்டனர். வேறு வகுப்புக்கும் அவ்வுரிமை வேண்டுமாயின், வகுப்பின் தலையிலே, இதிற் புதுப்பண்பு ஏற்றலாம் என்று வெளிப்படையாக ஒரு குறிப்பு எழுத வேண்டும். வேர்ட்பிரஸ் என்னும் புகழ்பெற்ற மென்பொருளின் அடிப்படை வகுப்புக்கள் சில அக்குறிப்பை எழுதிக்கொண்டன. அவற்றின்மேல் உலகெங்குமுள்ள செருகிகள் எத்துணைப் பண்புகளை ஏற்றியுள்ளன என்பது அவற்றை எழுதியோருக்கே தெரியாதன்றோ.

இதுவே முறையென்கின்றோம். கதவு சாத்தியிருத்தல் இயல்பாகவும், திறத்தல் அறிவித்துச் செய்வதாகவும் இருத்தல் வேண்டும். பைதனிலே முறை தலைகீழாய் நிற்கின்றது: திறந்திருத்தல் இயல்பு, சாத்த வேண்டியவர் எழுதிச் சாத்த வேண்டும். சாத்தும் கருவி 2001ஆம் ஆண்டின் 2.2 பதிப்பிலிருந்தே உண்டு. ஸ்லொற்ஸ் என்னும் பெயரால் இன்ன பண்புகளே உரியன என்று வகுப்பிலே பட்டியலிட்டால், பொருள் அகராதியைச் சுமப்பதை விட்டுப் பட்டியலிற் கண்டவற்றை மட்டும் ஏற்கும். 2021இல் வந்த 3.10 பதிப்பிலே தரவு வகுப்புக்களுக்கு ஒரே சொல்லால் இதனைச் செய்துவிடலாம். ஒரு பொறி மட்டும் உண்டு: அவ்வகுப்பின் வழித்தோன்றும் வகுப்பு தானும் பட்டியலிடாவிட்டால், அதன் பொருள்கள் பழையபடி அகராதியைப் பெற்றுவிடும். தந்தை சாத்திய கதவை மகன் அறியாமலே திறந்துவிடுவான்.

நூல்கள் ஸ்லொற்ஸைப் பெரும்பாலும் நினைவகச் சிக்கனத்துக்கென்றே கூறி விட்டுவிடுகின்றன. சிக்கனம் மெய்யே. ஜாவாஸ்கிரிப்ற்றை ஓட்டும் வி எய்ற் என்னும் பொறியும், 2008 முதலாக, ஒரே பண்புகளை ஒரே ஒழுங்கிற் பெறும் பொருள்களை ஓரினமாக மறைவிலே வகுத்தே விரைவு பெறுகின்றது; இடையிலே புதுப்பண்பு ஏற்றினாற் பொருள் இனம் மாறுகின்றது. இவையெல்லாம் பொறியியலார் கவலைகள். எமக்கு விரைவு பெரிதன்று. மாணவர் உதவிப்பணச் செய்நிரல் ஒரு விநாடி பிந்தி ஓடினால் எவருக்கும் குறைவில்லை.

இக்கருத்தை ஆசிரியராயுள்ள எம் வகுப்புத் தோழர் ஒருவரிடம் கூறியபோது அவர் உடன்படவில்லை. தொடக்க மாணவன் புள்ளியிட்டான், பண்பு உண்டாயிற்று, அவன் கண் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை விதிகளாற் கெடுக்காதீர் என்றார். தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க வகுப்புக் குறிப்புக்களைச் சரிபார்க்கும் கருவிகள் இன்று உண்டென்றும், ஜாவாஸ்கிரிப்ற்றுக்கு 2012 முதல் ரைப்ஸ்கிரிப்ற் உண்டென்றும் எடுத்துக்காட்டினார். அவர் சொல்வதில் உண்மையுண்டு. ஆயின் அக்கருவிகள் செய்நிரலின் உடலிலே எழுதிய பெயரைத்தான் காண்கின்றன. ஓடும்போது கோப்பிலிருந்து வரும் பெயரை, எம்மை வீழ்த்திய அப்பெயரை, அவை காணா. அவருடைய மலர்ச்சி வாதத்துக்கும் எம்மிடம் மறுமொழி உண்டு. பண்பு உண்டாகும் அதிசயத்தைக் காட்டும் அதே பாடவேளையிலே, பண்பின் பெயரை ஓரெழுத்துப் பிழைபட எழுதுமாறு மாணவனிடம் கூறி, பொருளின் அகராதியை அச்சிட்டுப் பார்க்கச் செய்க. சரியான பெயரும் பிழையான பெயரும் அருகருகே நிற்பதை அவன் காண்பான். அதற்கும் கண் மலரும். அதன்பின் ஸ்லொற்ஸை எழுதுவித்து, அதே பிழையை மீண்டும் செய்யச் சொல்க. பத்து நிமிடத்துக்குமேல் ஆகாது. அவர் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கின்றார்.

அம்மாணவனுக்கு மூன்று மாதப் பணமும் ஒருங்கே அனுப்பப்பட்டது. தாயாருக்கு யாமே கடிதம் எழுதினோம். மாலை வகுப்பிலே அவன் தவறவிட்ட பாடங்களை அனுப்ப எம்மால் இயலவில்லை. செய்நிரலிலே மாணவர் வகுப்புக்கு இப்போது ஸ்லொற்ஸ் உண்டு. தலைப்புக்கள் யாவும் ஒருமைப்படுத்தப்பட்ட பின்னரே உள்ளே வருகின்றன. ஊரார் சேர்க்கும் புதுத் தலைப்புக்களுக்குக் குறிப்பு என ஒரு தனி இடமும் வைத்துள்ளோம், அவர்கள் முன்னரே அறிவித்தால். சென்ற தவணையில் அது இரண்டு அட்டவணைகளைத் திருப்பி அனுப்பியது. ஒன்றிலே முகவரி என்பது முகவறி என்றிருந்தது. மற்றையதிற் பிழையொன்றும் புலப்படாமையால் ஊரார் எம்மை அழைத்துக் கோபித்தனர். தொகை என்னும் தலைப்பின் பின்னே, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடம் இருந்தது. அன்று மாலையே திருத்தி அனுப்பினர். அம்மாதப் பணம் அவ்வூர்ப் பிள்ளைகள் பதினால்வருக்கும் உரிய நாளிற் போய்ச் சேர்ந்தது.